இரும்பு மாத்திரை: சொல்லிக்கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம், பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி ஒருத்தி ஐந்து மாதக் கர்ப்பிணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மாத்திரை குமட்டினால் ஒரு டம்ளர் பாலோடு போட்டுக்கொள்ளுங்கள் அக்கா." எழுந்து போய் நிறுத்தினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். மாத்திரையை மறப்பது, பாதியில் விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

பாலும் டீயும்

அந்தப் புதிதில் என்னிடம் வந்த ஒரு கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்திலுள்ள, இரும்பு சேர்ந்த சிவப்புப் பொருள்) 8.2தான், குறைவு. குமட்டுகிறது என்றாள், பாலைச் சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 8.4. ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று பத்துப் பேர் முன்னால் கடிந்துகொண்டேன். அவள் பதில் பேசவில்லை. மஞ்சள் பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேசையில் அடுக்கினாள். ஆறு அட்டை, அட்டைக்குப் பத்துக் குழி. ஒன்றில்கூட மாத்திரை மிச்சமில்லை. "நீங்கள் சொன்னபடி பாலோடுதான் மேடம். வாய் கசந்தால் பின்னாலேயே ஒரு டீ."

இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். பாலிலுள்ள கால்சியம் அங்கே குறுக்கே நிற்கும். டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். அது மலத்தோடு போய்விடும். அவள் விழுங்கிய அறுபது மாத்திரையில் உடம்பில் சேர்ந்தது சொற்பம். தவறு என்னுடையது, திட்டு வாங்கியது அவள். இன்றும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆகவே மாத்திரைக்குத் தண்ணீர் போதும். பால், டீ, காபிக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும். அது ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பிட்ட பிறகு, அல்லது இரவு படுக்கும் முன் போடட்டும். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும், அடியோடு நிறுத்துவதற்கு இது மேல்.

கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரையும் தருகிறார்கள் அல்லவா? இரண்டையும் சேர்த்து வாயில் போட்டு ஒரே மடக்கில் விழுங்கிவிடுவார்கள். வேலை மிச்சம் என்று நினைப்பு. ஒன்று காலையில், மற்றது இரவில் என்று அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிக்கொடுங்கள்.

பீட்ரூட்

ரத்தம் ஊறும் என்று இதைச் சாப்பிடச் சொல்கிறோம். நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நிறம்தான் சிவப்பு.

கீரை

நல்லதுதான், ஆனால் அதிலுள்ள இரும்பு எளிதில் சேராது. உணவோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் வைட்டமின் சி கைகொடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் வீண்.

எண் ஏறியதும் நிறுத்துவது

ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு சரியானாலும் உடம்பின் இரும்புக் கையிருப்பு நிரம்ப இன்னும் ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை தொடரட்டும்.

கறுத்த மலம்

இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் மாமியார் மாத்திரையை நிறுத்திவிடுவார்.