வலி மாத்திரையை விட முடியவில்லையா? அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள்

ஆபரேஷனுக்கு அப்புறமோ எலும்பு முறிந்தபோதோ டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதான், வலி போனதும் நிறுத்திவிடலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பிறகு தூக்கம் வரவில்லை என்று ஒன்று, மனசு சரியில்லை என்று இன்னொன்று. வலிக்காகப் போடுவது நின்று வேறு எதற்கோ போட ஆரம்பித்த அந்த நாள்தான் கவனிக்க வேண்டிய நாள், ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரிவதில்லை.

நான் சொல்வது டிராமடால், டாபென்டடால், கோடீன், மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற ஓபியாய்டு மருந்துகளை, அதாவது மூளையில் வேலை செய்து வலியை அடக்கும், பழக்கமாகிவிடக்கூடிய அபின் வகை மருந்துகளை. பிராண்ட் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள், புரியாவிட்டால் மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள். சிலவற்றில் பாரசிட்டமாலும் கலந்திருக்கும். அதை இஷ்டத்துக்குக் கூட்டினால் கல்லீரலும் சேர்ந்து கெடும்.

சரி, இப்போது எண்ணுங்கள். வாங்கிய தேதி, சீட்டில் எழுதிய அளவு, அட்டையில் மிச்சம் இருப்பது. கணக்கு உதைக்கிறதா? தீர்வதற்கு முன்பே பதற்றம் வருகிறதா, இரண்டாவது டாக்டரிடம் சீட்டு வாங்கினீர்களா, வீட்டில் ஒளித்து வைக்கிறீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. உடம்பு மருந்துக்குப் பழகப் பழக அதே அளவு வேலை செய்யாது, இது மூளையில் நடக்கும் மாற்றம், உங்கள் குணத்தில் உள்ள குறை இல்லை. "எழுதிக் கொடுத்ததைவிட அதிகமாகப் போடுகிறேன், நிறுத்த முடியவில்லை" என்று சொன்னால் போதும், சுற்றி வளைக்க வேண்டாம்.

தயவுசெய்து நாளையிலிருந்து தொடவே மாட்டேன் என்று சபதம் எடுக்காதீர்கள். நாள்கணக்கில் தொடர்ந்து போட்டவர் சட்டென நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, கை கால் குடைச்சல், தூக்கமின்மை என்று படுத்தி எடுத்துவிடும், தாங்காமல் மறுபடி மாத்திரைக்கே போவார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க டாக்டர் திட்டம் போட்டுத் தருவார், தேவைப்பட்டால் இந்த அவதியையும் ஏக்கத்தையும் அடக்கும் புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுத்துச் சிகிச்சை செய்வார்கள். இன்னொன்று, சில வாரம் விட்டிருந்தவர் பழைய அளவையே திரும்பப் போட்டால் உயிர் போகலாம், ஏனென்றால் உடம்பு அதற்குள் அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும்.

இந்த வலி மாத்திரைகளை மதுவோடும், டயஜிபாம், அல்பிரசோலாம் போன்ற பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரைகளோடும் நீங்களாகச் சேர்க்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மெதுவாகி, தூக்கத்திலேயே நின்றுவிடலாம்.

வீட்டில் ஒருவர் எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது அல்லது குறட்டை போல இழுக்கிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் தூங்கி எழட்டும் என்று விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், என்ன மாத்திரை என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து கையில் இருந்தால் கொடுக்கலாம், ஆனால் அதன் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் அடங்கிவிடும், மாத்திரையின் வேகம் அதற்கப்புறமும் இருக்கும். அதனால் அவர் கண் விழித்து எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.