மெல்லிய மீகடத்தியும் எபாக்ஸிப் பசையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்திலிருந்து மீகடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) ப்ராஜெக்டுக்கு எங்கள் ஆய்வகம் வரும் பிள்ளைகள், எங்கள் தலைமுறை செய்த அதே கூத்தைத்தான் செய்கிறார்கள். கம்பி அறுவது, வால்வை மூட மறப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். மெல்லிய ஏடுகளைக் குளிர்வித்து அளப்பதில் வரும் மற்ற தவறுகள் கீழே.

அடிப்பக்கம் முழுக்கப் பசை

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். அறை வெப்பத்திலிருந்து 4 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) போகும்போது, அடித்தட்டு செம்பானால் சுமார் 0.3 சதவீதம் சுருங்கும், அலுமினியம் 0.4. சிலிக்கான் சுருங்குவது செம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தடித்த படிகம் பெரும்பாலும் தன் போக்கில் சுருங்கிக்கொள்ளும். சில மைக்ரான் தடிமனே உள்ள மீகடத்தி ஏட்டுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, அடித்தட்டு இழுத்த இழுப்புக்குத்தான் போகும். கோடையில் வாய்க்கால் வண்டல் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதே கதை: மேல் ஏடு சுருங்கப் பார்க்கும், அடிமண் விடாது.

பத்தில் சில பங்கு சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. ஸ்ட்ரான்சியம் ருதனேட் என்ற படிகம் 1.5 கெல்வினில் மீகடத்தியாகும், அதுதான் அதன் மாறுநிலை வெப்பநிலை. படிகத்தை ஓர் அச்சில் சுமார் அரை சதவீதம் அமுக்கினால் அந்த வெப்பநிலை ஏறக்குறைய 3.5 கெல்வினுக்கு ஏறிவிடும். 1998-இல் ஒரு லாந்தனம் குப்ரேட் (செம்பு ஆக்சைடு வகை மீகடத்தி) படலத்தின் மாறுநிலை வெப்பநிலையை, அடித்தளத்தின் அமுக்கத்தாலேயே 25 கெல்வினிலிருந்து 49-க்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு தம்பி வந்து, "சார், தடிமன் குறையக் குறைய மாறுநிலை வெப்பநிலை ஏறுது" என்றான். கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது. மாதிரியைக் காட்டச் சொன்னேன். நாலு மூலையும் எபாக்ஸி. பெயர்த்தபோது ஏடு நொறுங்கியது, அந்தப் படிக வளர்ப்பில் தேறிய நல்ல ஏடு அது ஒன்றுதான். ஏறியது தடிமனாலா பசையாலா என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஒரு முனையில் மட்டும் துளி பசை வையுங்கள். முடிந்தால் மெல்லிய தங்கக் கம்பிகளிலேயே தொங்கவிடுங்கள். அப்புறம், தடித்ததையும் மெல்லியதையும் ஒரே விதமாகப் பொருத்தி அளந்த பிறகு ஒப்பிடுங்கள்.

வடிவத்தை மறப்பது

தட்டையான ஏட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்தால், ஓரங்களில் அது பல மடங்கு குவியும். சிறிய புலத்திலேயே சுழல்கள், அதாவது காந்தப்புலத்தை உள்ளே கொண்டுபோகும் மெல்லிய மின்னோட்டச் சுழிகள், உள்ளே நுழைந்துவிடும். உடனே "கீழ் மாறுநிலைப் புலம் (சுழல்கள் நுழையத் தொடங்கும் புலம்) குறைந்தது" என்று எழுதிவிடாதீர்கள். ஏட்டைப் புலத்துக்கு இணையாகத் திருப்பி இன்னொரு முறை அளவெடுங்கள்.

குப்ரேட்டை ஐப்பசி ஈரத்தில் திறந்து வைப்பது

வேண்டாம்.

இரு முனையிலும் பிடித்து அமுக்குவது

ஏடு சுருங்காது, புடைக்கும். தடிமன் பாதியானால் புடைக்க வைக்கும் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். அமுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் கெட்டியான அடித்தட்டில் முழுதாக ஒட்டி, தட்டை அமுக்குங்கள். அப்போது மட்டும் பசை தாராளமாக இருக்கலாம். குளிர்விக்கும்போது ஏறும் திரிபையும் (நீள மாற்றத்தின் விகிதம்) கணக்கில் சேர்க்க வேண்டும்.