தீபாவளிப் பலகாரங்களுக்கு நடுவே எடையைக் குறைப்பது எப்படி

எடையைக் குறைப்பதற்காக உணவைக் கட்டுப்படுத்தி வருபவர்கள், தீபாவளி நெருங்கும்போது அந்த ஒரு நாளை எப்படிக் கடப்பது என்றுதான் பெரும்பாலும் கவலைப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஒரு நாளுக்காக அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. தீபாவளியன்று ஒருவர் தம் வழக்கத்துக்கு மேல் 1500 கலோரி சாப்பிட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி என்ற தோராயக் கணக்கின்படி, அந்த நாளால் ஏறும் கொழுப்பு 200 கிராம் அளவில் நின்றுவிடும். ஆனால் பண்டிகைக்கு முன்னும் பின்னுமாகப் பத்து நாள், மாலைக் காபியோடு ஒரு துண்டு மைசூர்பாகும் ஒரு கை மிக்சரும் உள்ளே போனால், நாளுக்கு 500 கலோரி வீதம் 5000 கலோரி சேர்ந்து, அரைக் கிலோவுக்கு மேல் ஏறிவிடும். இப்படித் தின்பதை யாரும் விருந்தாகக் கருதுவதில்லை என்பதால் கணக்கிலும் வைப்பதில்லை. ஆகவே, தீபாவளியன்று தட்டில் என்ன இருக்கலாம் என்பதைவிட, வீட்டில் எத்தனை டப்பா எத்தனை நாள் இருக்கலாம் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பலகாரம் வீட்டுக்குள் வருவதற்கு முன்

இந்த முடிவு ஐப்பசியில் எடுக்கப்படுவதில்லை. பல வீடுகளில் அது ஓராண்டுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. தீபாவளிச் சீட்டில் மாதாமாதம் பணம் கட்டி வருபவர்களுக்குப் பண்டிகையின்போது கிலோக்கணக்கில் இனிப்பும் காரமும் பட்டாசுப் பெட்டியோடு வந்து சேரும். பணம் கட்டியாயிற்று என்பதால் அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. மளிகைப் பொருளோ பாத்திரமோ தரும் சீட்டுகளும் உண்டு. அடுத்த ஆண்டுக்குச் சேரும்போது அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, பண்டிகை நேரத்தில் மனத்தோடு போராடுவதைவிட எளிது. அலுவலகத்திலும் வாடிக்கையாளர்களிடமிருந்தும் வரும் பெட்டிகளை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் அவை வரும் என்று தெரிந்திருக்கும்போது, நாமும் கடைக்குப் போய் இரண்டு கிலோ வாங்கிவருவதை நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டில் செய்வதாக இருந்தால் ஓர் இனிப்பும் ஒரு காரமும் போதும். எதைச் செய்வது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது: ஆண்டு முழுவதும் கடையில் கிடைக்கும் பண்டத்தைத் தீபாவளியின் பெயரால் சாப்பிட வேண்டியதில்லை. குலாப் ஜாமூனைத் தை மாதத்திலும் செய்யலாம், ஆனியிலும் செய்யலாம். ஈர அரிசியை இடித்து, வெல்லப் பாகில் கிளறி, மாவைப் புளிக்க வைத்துச் சுட்டெடுக்கும் அதிரசம் அப்படியன்று; பல வீடுகளில் அதன் மணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் எழுகிறது. கேதார கௌரி நோன்பு எடுக்கும் குடும்பங்களில் 21 அதிரசம் படைக்கும் வழக்கம் இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைக்க முடியாத இடத்தில் அளவைக் குறைக்கலாம். உள்ளங்கை அகலத்தில் தட்டுவதற்குப் பதில் அதில் பாதியாகத் தட்டினாலும் நோன்புக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

பலகாரம் சுடுபவருக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. பதம் பார்ப்பது, உப்புப் பார்ப்பது, உடைந்த முறுக்கை வாயில் போடுவது, ஜல்லிக்கரண்டியில் ஒட்டிய பூந்தியை வழித்து உண்பது என்று அடுப்படியிலேயே ஒரு சாப்பாட்டுக்குரிய கலோரி உள்ளே போய்விடுவதுண்டு. பிறகு இரவில், “நான் ஒன்றும் சாப்பிடவே இல்லையே” என்று அவர் சொல்வதும் உண்மையான நம்பிக்கையோடுதான். மதியச் சாப்பாட்டை வயிறார முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பதம் பார்க்கும் பொறுப்பை எடையைப் பற்றிக் கவலையில்லாத ஒருவரிடம் ஒப்படைக்கலாம். எல்லா வீட்டிலும் அதற்கு ஆள் இருப்பார்.

ஒரு துண்டில் என்ன இருக்கிறது

மைசூர்பாகை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கடலைமாவுக்கு 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய் என்பது பரவலாக உள்ள அளவுகளில் ஒன்று. மாவில் ஏறக்குறைய 380 கலோரி, சர்க்கரையில் 800, நெய்யில் 1800 என்று ஆக மொத்தம் 3000 கலோரி, அரைக் கிலோ பண்டத்தில் அடங்கியிருக்கிறது. 40 கிராம் எடையுள்ள ஒரு துண்டு 240 கலோரி. எடை குறைக்க விரும்புபவர்கள் வழக்கமாக, உடல் செலவிடுவதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாக, அதாவது பற்றாக்குறை வைத்து உண்கிறார்கள். இரண்டு துண்டு மைசூர்பாகு அந்தப் பற்றாக்குறையை அநேகமாக முழுவதும் அடைத்துவிடுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு துண்டை நடந்து தீர்க்க நினைத்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டியிருக்கும். வாயில் கரைய அதற்கு அரை நிமிடம் போதும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, கலோரியின் பெரும்பகுதி சர்க்கரையிலிருந்து வரவில்லை என்பதுதான். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்திலோ சர்க்கரையிலோ 4 கலோரி. ஆகவே, “நான் இனிப்பைத் தொடுவதில்லை, காரம் மட்டும்தான்” என்று சொல்லிக்கொண்டு முறுக்கையும் ஓமப்பொடியையும் கொறிப்பவர், நினைப்பதுபோல் தப்பிவிடவில்லை. எண்ணெயில் பொரித்த இப்பண்டங்கள் 100 கிராமுக்கு 500 கலோரியை ஒட்டியே இருக்கின்றன. இனிப்பாவது இரண்டு துண்டில் திகட்டும். மிக்சர் திகட்டுவதில்லை, கை தானாகவே சம்படத்துக்குள் போய் வருகிறது. என் கருத்தில் எடை குறைப்பவருக்கு லட்டைவிட மிக்சரே பெரிய எதிரி.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகியவற்றில் செய்தால் பாதிப்பில்லை என்ற நம்பிக்கையும் கணக்குக்கு முன் நிற்காது. அவற்றின் சுவை வேறு. கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அவற்றுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியது. சர்க்கரை சேர்க்காதது என்று விற்கப்படும் பேரீச்சம்பழ உருண்டையில் பழத்தின் சர்க்கரை இருக்கிறது. செயற்கை இனிப்பூட்டி சேர்த்த முந்திரிக் கத்லியில் முந்திரி அப்படியே இருக்கிறது, அந்த முந்திரி மட்டுமே 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல். தீபாவளி லேகியமும் விதிவிலக்கன்று. இஞ்சி, ஓமம், கண்டந்திப்பிலி ஆகியவற்றோடு வெல்லமும் நெய்யும் சேர்ந்ததுதான் லேகியம். நெல்லிக்காய் அளவு உருட்டி விழுங்குவதில் தவறில்லை, டப்பாவைத் திறந்து கரண்டியால் எடுத்துத் தின்னும்போதுதான் அது இன்னோர் இனிப்பாகிவிடுகிறது.

கடைப் பெட்டிகளில் அடைத்து விற்கப்படுபவற்றில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்பது அச்சிடப்பட்டிருக்கும். தட்டில் வைத்து எடை போட்டு விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் உண்பது நல்லது என்பதைச் சில கடைகளில் எழுதி வைத்திருப்பார்கள். பால் இனிப்புகளுக்கு அந்தத் தேதி மிக அருகில் இருக்கும். “கெட்டுப்போகுமே” என்ற அச்சத்தில் இரவோடு இரவாகத் தீர்ப்பது பால் இனிப்புகளைத்தான் என்பதால், வாங்கும்போதே கால் கிலோவுக்கு மேல் வாங்காதிருப்பது நல்லது.

பண்டிகை நாளில்

விடியலுக்கு முன் எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி, பிறகு வெறும் வயிற்றில் தட்டு நிறையப் பலகாரம் என்று நாள் தொடங்கும்போது, முதல் நாள் இரவு வேலையில் சரியாகத் தூங்கியும் இருக்க மாட்டோம். தூக்கம் குறைந்தால் பசியும் இனிப்பின் மேல் நாட்டமும் கூடுகின்றன. ஆகவே இனிப்புக்கு முன் உணவு என்ற வரிசையை மட்டும் அன்று மாற்றாமல் காக்க வேண்டும். இட்லியோடு சாம்பாரோ, அசைவம் உண்ணும் வீடுகளில் வழக்கமான கறிக்குழம்போ முதலில் வயிற்றுக்குள் போய்விட்டால், புரதமும் நாரும் பசியை அடக்கிவிடும். அதன்பின் எடுக்கும் அதிரசம் ஒன்றோடு நிற்கும். அதைச் சிறிய தட்டில் வைத்து, உட்கார்ந்து, வேறு வேலையில்லாமல் மெல்ல உண்ண வேண்டும். தொலைக்காட்சியின் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு முன்னால் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு உண்பதில் சுவையும் தெரிவதில்லை, அளவும் தெரிவதில்லை.

அன்று எத்தனை என்பதை முதல் நாளே எண்ணாக முடிவு செய்துகொள்வது உதவும். “கொஞ்சமாகச் சாப்பிடுவேன்” என்பது வீட்டுக்கு வீடு நீண்டுகொண்டே போகும். “காலையில் ஒன்று, மாலையில் ஒன்று” என்பது நீளாது. முற்றிலும் தொடமாட்டேன் என்று சபதம் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிச் சபதம் எடுத்தவர், முதல் துண்டு வாய்க்குள் போனதும் எல்லாம் போயிற்று என்று எண்ணிப் பத்துத் துண்டுக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது.

“நாளும் கிழமையுமா வேண்டாம்னு சொல்லக்கூடாது”

நம் ஊரில் பலகாரத்தை மறுப்பது கொடுப்பவரை மறுப்பதாகவே கொள்ளப்படுகிறது. பலர் “சர்க்கரை இருக்கிறது” என்று பொய் சொல்லித் தப்பிக்கிறார்கள். இது ஒரு முறை பலிக்கும். அடுத்த மாதக் கல்யாணத்தில் பாயசம் குடிப்பதை அதே சித்தி பார்த்துவிட்டால் உறவே கசந்துவிடும். காரணத்தை விளக்கத் தொடங்குவதும் வீண். “ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. அதைவிட, கொடுப்பதில் ஒன்றை உடனே விண்டு ஒரு வாய் உண்டு, “முறுக்கு நல்லா வந்திருக்கு அத்தை, மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்” என்று பாராட்டோடு முடிப்பது மரியாதையாகவும் இருக்கும், அவர் மனமும் நிறையும். அவருக்கு வேண்டியது நம் வயிறு நிறைவதன்று, தம் கைப்பக்குவம் மதிக்கப்படுவது. அப்படி எடுத்துவந்த பொட்டலத்தை அன்றே பிறருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

தலைத் தீபாவளிக்குப் போகும் மாப்பிள்ளைக்கு இந்த உத்தி போதாது. மாமியார் கரண்டியோடு பக்கத்திலேயே நிற்கும்போது, தட்டைக் காலியாக வைத்திருப்பதுதான் ஆபத்து. காலியான தட்டு நிரப்பப்படும். மெதுவாக உண்பதும், தட்டில் ஒரு துண்டை எப்போதும் விட்டுவைப்பதும், முன்கூட்டியே மனைவி மூலம் செய்தி சொல்லிவைப்பதும்தான் அவருக்குள்ள வழிகள். அந்த இரண்டு நாளைக் கணக்கில் விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம்.

மறுநாள் காலையில்

தீபாவளிக்கு மறுநாள் எழுந்ததும் எல்லா டப்பாக்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு நாளைக்குத் தேவையானதை ஒரே சம்படத்தில் எடுத்துவைத்து, மற்றதை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவர், காவலாளி, தெருவைத் துப்புரவு செய்பவர்கள் ஆகியோருக்குப் பலரும் பலகாரம் கொடுக்கிறார்கள்தான். ஆனால் தாம் பத்து நாள் தின்று அலுத்தபின், எண்ணெய்ச் சிக்கு வாடை வந்ததைக் கொடுக்கிறார்கள். கொடுப்பது என்றால் பண்டம் புதிதாக இருக்கும்போதே கொடுப்பதுதான் முறை. முதியோர் இல்லங்களுக்கோ குழந்தைகள் இல்லங்களுக்கோ அனுப்ப நினைப்பவர்கள், அங்கு வெளியிலிருந்து வரும் உணவை ஏற்கிறார்களா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது. பண்டிகை வாரத்தில் அங்கேயும் இனிப்பு குவிந்திருக்கும்.

எடுத்துவைத்த சம்படம் ஒளி ஊடுருவாததாக, மேல்தட்டில் இருக்கட்டும். உணவு மேசையில் கண்ணாடிப் பாட்டிலில் வைத்த முறுக்கு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையை இழுக்கும். குழந்தைகள் கடித்துவிட்டு வைத்த துண்டுகளை “வீணாய்ப் போகுதே” என்று அம்மா உண்பதும் இங்கே நிறுத்தப்பட வேண்டும்.

தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்குவதால், ஆறு நாளும் விரதம் இருப்பவர்களுக்குப் பலகார டப்பாவை மூட இயல்பான காரணம் கிடைத்துவிடுகிறது. விரதம் இல்லாதவர்கள், உண்டதை ஈடுகட்ட வேண்டும் என்று பட்டினி கிடக்கத் தேவையில்லை. அது மாலையில் மீண்டும் மிக்சரிடமே கொண்டுபோய் விடும். வழக்கமான மூன்று வேளை உணவுக்குத் திரும்பினாலே போதும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இனிப்புச் சாப்பிட்டுவிட்டோம் என்று சாப்பாட்டைத் தவிர்ப்பதும், மருந்தளவைத் தாமாக மாற்றுவதும் ஆபத்தானவை. இரத்தச் சர்க்கரை திடீரெனக் கீழே போய்விடக்கூடும் என்பதால் பண்டிகைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

எடை பார்க்கும் கருவியில் மறுநாளே ஏறக்கூடாது. மாவுச்சத்து உடலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு வடிவில் சேரும்போது, ஒரு கிராமுக்குக் குறைந்தது மூன்று கிராம் நீரையும் கூடவே பிடித்துவைக்கிறது. காரப் பண்டங்களின் உப்பும் நீரைத் தேக்குகிறது. இதனால் ஒன்றிரண்டு கிலோ கூடியதாகக் கருவி காட்டலாம். அதில் பெரும்பகுதி கொழுப்பன்று. ஐந்து நாள் வழக்கம்போல் உண்டுவிட்டு, ஆறாம் நாள் காலையில் வெறும் வயிற்றோடு பார்த்தால் உண்மையான எண் தெரியும்.