தொட்டில் சேலையை நிக்கர் பாக்கெட்டுக்குள் அடக்குவது எப்படி?

ஜூன் மாதம் எல்.கே.ஜி. சேரப்போகிற பிள்ளை இன்னும் ஒரு பழைய சேலையை இழுத்துக்கொண்டே திரிகிறதா? எங்கள் வீட்டில் இதைச் செய்து முடித்த கையோடு எழுதுகிறேன். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும்.

எங்கள் சின்னவனுடையது அவன் அப்பத்தாவின் அரக்கு நிறச் சுங்குடி. மதுரைப் பக்கம் இது சகஜம்தான். சுங்குடி பருத்தி என்பதால் துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிவிடும், தொட்டில் கட்ட அதைத்தான் முதலில் எடுப்போம். தொட்டிலை அவிழ்த்த பிறகும் சேலை அவனோடு பாய்க்கு வந்தது, அப்புறம் ஸ்கூட்டருக்கு, அப்புறம் கல்யாணப் பந்திக்கு.

வேப்பெண்ணெய் தடவச் சொன்னார்கள் சிலர். "அழகர் ஆத்துல இறங்கினப்ப எடுத்துட்டுப் போயிட்டாருன்னு சொல்லு" என்றார் ஒரு பெரியம்மா. சித்திரைத் திருவிழா நேரம், யோசனை பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வருஷம் அழகரை வரவேற்கிற எதிர்சேவைக்கு அவனை எப்படிக் கூட்டிப்போவது?

நான் சொல்வது இதுதான்: ஒளிக்கவும் வேண்டாம், பறிக்கவும் வேண்டாம், சின்னதாக்குங்கள். டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1950களிலேயே இப்படிப்பட்ட துணி, பொம்மைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மாவோடு ஒட்டியிருந்த நிலையிலிருந்து வெளியுலகத்துக்கு நகரும்போது பிள்ளை தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் துணை அது, வளர வளரத் தானாகவே அதன் முக்கியத்துவம் போய்விடும் என்பது அவர் கணிப்பு. போகிற வரைக்கும் பள்ளியில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத அளவில் அது இருந்தால் சரி.

படி 1: ஏப்ரலில் தொடங்குங்கள்

பள்ளி திறக்கிற வாரத்தில் கத்தரியைக் கையில் எடுக்காதீர்கள். மொட்டை, காதுகுத்து, பால் மறக்கடிப்பது, தம்பிப் பாப்பா வருவது, இவற்றோடும் சேர்க்க வேண்டாம்.

படி 2: பிள்ளைக்குப் பிடித்தது சேலையில் எந்த இடம்?

முழுச் சேலையையும் எந்தப் பிள்ளையும் பிடித்துக்கொள்வதில்லை. தூக்கம் வருகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் கவனியுங்கள். எங்களவன் எவ்வளவு சேலை கிடந்தாலும் துழாவித் துழாவி ஒரே முனைக்குத்தான் போவான். முந்தானையும் கரையும் சேரும் மூலை. அந்தக் கரை விளிம்பை இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டே தூங்குவான். சில பிள்ளைகள் கன்னத்தில் வைத்துக்கொள்ளும், சில மோந்து பார்க்கும். எந்த இடம், எந்தக் கை என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: வெட்டுவது

எங்களை அதிகம் படுத்தியது இதுதான். விதி ஒன்றே ஒன்று: பிடித்த மூலையைத் தொடக்கூடாது, எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வர வேண்டும். ஐந்தரை மீட்டரில் மறுகோடியில் ஒரு மீட்டர் குறைந்தால் பிள்ளைக்குப் பெரிதாகத் தெரியாது. அங்கிருந்து துண்டு அளவுக்கு, அதிலிருந்து கைக்குட்டை அளவுக்கு, கடைசியில் உள்ளங்கை அளவுக்கு. ஒவ்வோர் அளவிலும் நிம்மதியாகத் தூங்கப் பழகிய பிறகே அடுத்த வெட்டு. துண்டு அளவுக்கு வந்தாலே ஒரு பெரிய நிம்மதி, கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பயம் பாதி குறையும்.

பருத்தித் துணியில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துக் கையால் கிழித்தால் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். ஆனால் கிழிகிற சத்தம் பிள்ளைக்கு ஆகாது. அவன் எதிரில் செய்வதானால் கத்தரிதான். சமையலறைக் கத்தரி துணியைக் கடித்து வைக்கும், தையல் கத்தரி இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். "இந்தப் பக்கம் அப்பத்தா பீரோவுக்கு, அந்தப் பக்கம் உனக்கு" என்று சொல்லி, வெட்டிய பங்கை அவனையே பீரோவில் வைக்கச் சொன்னோம். அழுகை இருந்தது, ஆனால் ஏமாற்றப்பட்ட அழுகை இல்லை.

வெட்டிய பக்கம் நூல் பிரியும். தையல்காரரிடம் கொடுத்தால் நொடியில் ஓவர்லாக் அடித்துத் தருவார். என்னைக் கேட்டால் வேண்டாம். அந்தத் தையல் சொரசொரவென்று இருக்கும், விரலுக்கு உடனே வித்தியாசம் தெரியும். ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்துப் பருத்தி நூலில் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். பழைய கரையில் ஊசியே படக்கூடாது.

படி 4: வாசம்

வின்னிகாட் இதையும் கவனித்திருக்கிறார். துணி அழுக்காகி நாறினாலும் அம்மாக்கள் துவைக்கத் தயங்குவார்கள், துவைத்தால் பிள்ளைக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரியும் என்கிறார். ஆனால் மதுரை மே மாத வியர்வையில் துவைக்காமல் முடியாது. அதனால் முந்தானையின் மறுமுனையில் அதே போன்ற மூலை இருக்கிறதே, அதிலும் ஒரு துண்டு எடுத்து அவன் தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள். வாசம் ஏறிய பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒன்று தொலைந்தாலும் வீடு ரணகளம் ஆகாது. சோப்பு எதுவானாலும் சரி, எப்போதும் ஒரே சோப்பாக இருக்கட்டும். கடைசியாக அலசும்போது ஊற்றுகிற வாசனைத் திரவத்தை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள்.

படி 5: பாக்கெட்டுக்குள் தைப்பது

சீருடையில் நெஞ்சில் ஊக்குப் போட்டுக் கைக்குட்டை மாட்டி விடுகிறோமே, அங்கேயே இதை மாட்டினால் என்ன என்று முதலில் தோன்றும். சில பள்ளிகளில் வெள்ளைக் கைக்குட்டைதான் வேண்டும் என்பார்கள். பக்கத்துப் பிள்ளை இழுக்கும். ஊக்கும் எனக்குப் பிடிக்காது. நிக்கர் பாக்கெட்தான் பாதுகாப்பு.

படி 2இல் எந்தக் கை என்று பார்த்தீர்கள் அல்லவா? அந்தப் பக்கப் பாக்கெட். பாக்கெட் பையை வெளியே இழுத்து விடுங்கள். இப்போது வெளியே தெரிகிற பக்கம்தான் கை படும் பக்கம். அதன்மேல் உள்ளங்கை அளவுத் துண்டை வையுங்கள், கரை மேலே பார்த்து இருக்கட்டும். கீழ், இடம், வலம் மூன்று பக்கம் மட்டும் தையுங்கள். கரைப் பக்கத்தைத் தைக்காதீர்கள். நான்கு பக்கமும் தைத்தால் விரலால் விளிம்பைப் பிடிக்க முடியாது, பிடிக்க முடியாவிட்டால் அது வெறும் ஒட்டுத்துணிதான். தைத்து முடித்ததும் பாக்கெட்டை உள்ளே தள்ளி, அவனையே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருக்கிற எல்லா செட் சீருடையிலும் தைத்து வையுங்கள். பள்ளி திறப்பதற்கு முன்பே மாலையில் அந்த நிக்கரோடு தெப்பக்குளம் பக்கம் நடக்கக் கூட்டிப்போய்ப் பழக்குங்கள்.

படி 6: யாரிடம் சொல்வது

மிஸ்ஸிடம் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் ஆயாம்மா. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவர்தான். "அழுதா பாக்கெட்ல கையை விடச் சொல்லுங்கக்கா" என்று ஒரு வார்த்தை போதும். வீட்டில் இரவுக்குக் கைக்குட்டை அளவுத் துண்டு தொடரட்டும், அதையும் அதே மாதம் பிடுங்க வேண்டாம்.

பிறகு சேர்த்தவை

பெண் பிள்ளையின் பினஃபோரில் பாக்கெட் இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். உட்புறம் இடுப்புப் பட்டியில் தைத்தால் கை எட்டாது. ஸ்கூல் பேக்கின் தோள்பட்டை உட்பக்கம் தையுங்கள். வகுப்பில் பையைத் தனியாக வைக்கச் சொல்கிறார்கள் என்றால், பக்கவாட்டுத் தையலைப் பிரித்து ஒரு பாக்கெட்டே வைத்துத் தரச் சொல்லுங்கள். இந்த வேலையைத் தையல்காரரிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

வீட்டில் ஒரு வயதுக்குள் இன்னொரு குழந்தை இருந்தால், பெரிய பிள்ளையின் துணி அந்தக் குழந்தை தூங்குமிடத்தில் கிடக்கக் கூடாது. தளர்வான துணி முகத்தை மூடினால் அவ்வளவு சின்னக் குழந்தையால் விலக்க முடியாது.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிறது, பேசுகிறது, சாப்பிடுகிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. துணியைத் தவிர யாரோடும் ஒட்டவில்லை, பேச்சும் குறைகிறது என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெள்ளைச் சீருடை நாளில் நிக்கரில் சிவப்புத் திட்டு வந்துவிட்டதாக இன்னொருவர் எழுதியிருந்தார். அடர் நிறச் சுங்குடி சாயம் விடும். தைப்பதற்கு முன் துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். நிறம் ஏறினால் வெள்ளை நிக்கருக்கு மட்டும் தையல் வேண்டாம், அன்றைக்குத் துண்டை அப்படியே பாக்கெட்டில் போட்டு அனுப்புங்கள். மாலையில் அது திரும்பி வந்ததா என்று பார்த்துவிட்டு நிக்கரை ஊறப்போடுங்கள்.