பழைய சுகாதார அறிக்கைகளை நூலகத் தொகுப்புகளில் தேடுவது எப்படி? காசநோயை வைத்து ஒரு செய்முறை

ஒரு நோயின் வரலாற்றை கூகுளில் தேடினால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய கட்டுரைகள்தான் வரிசைகட்டும். அந்தக் காலத்துச் சுகாதார அதிகாரி கையெழுத்திட்ட அறிக்கையே ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கிறது. பலருக்குக் கண்ணில் படாததற்குக் காரணம், இன்றைய சொல்லைக்கொண்டு தேடுவதுதான்.

எடுத்துக்காட்டு: 1905 முதல் 1914 வரை லண்டனின் ஏதாவது ஒரு வட்டாரத்தில் காசநோய் இறப்புகள். நோய், இடம், ஆண்டு மூன்றையும் இப்படிக் குறுக்கிக்கொண்ட பிறகே தேடலைத் திறக்கவும். பத்தாண்டுக்கு மேல் போகாதீர்கள்.

படி 1: எந்தக் கதவைத் தட்டுவது

லண்டன் என்றால் நேராக, மருத்துவ வரலாற்று நூலகமும் அருங்காட்சியகமுமான வெல்கம் கலெக்‌ஷன். நகரின் சுகாதார அதிகாரிகள் 1848 முதல் 1972 வரை ஆண்டுதோறும் எழுதிய 5,500-க்கும் மேற்பட்ட அறிக்கைகள் அங்கே டிஜிட்டலில் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டு மருத்துவப் புத்தகங்களுக்கு, பல நூலகங்கள் சேர்ந்து 2010-இல் தொடங்கிய மெடிக்கல் ஹெரிட்டேஜ் லைப்ரரி. அதன் புத்தகங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் இருக்கின்றன.

பழைய இதழ்க் கட்டுரை வேண்டுமென்றால் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதன் முறையான பட்டியல் பெரும்பாலும் 1940-களின் நடுவிலிருந்துதான். அதற்கு முந்தியவற்றுக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இண்டெக்ஸ்-கேட்டலாக் இருக்கிறது. ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய அதன் முதல் தொகுதி 1880-இல் வந்தது. புத்தகங்களோடு இதழ்க் கட்டுரைகளையும் நோய்வாரியாக அடுக்கியிருப்பதுதான் அதன் பலம். இணையத்திலேயே தேடலாம்.

படி 2: அந்தக் காலத்துச் சொல்

அவசரப்படக் கூடாத படி இது. தமிழில் க்ஷயம், எலும்புருக்கி என்று எழுதியிருக்கும் பழைய நூலில் 'காசநோய்' என்று தேடினால் என்ன கிடைக்கும்? வாந்திபேதி என்று அச்சிட்ட பக்கத்தில் காலராவைத் தேடுவதும் அப்படித்தான். ஆங்கிலத் தொகுப்புகளிலும் இதே சிக்கல்.

1905-ஆம் ஆண்டு அறிக்கையில் நுரையீரல் காசநோயின் பெயர் பெரும்பாலும் 'தைசிஸ்'. காதில் விழுகிறபடி எழுதினால் ஒன்றும் அகப்படாது. பி, எச், டி, எச், ஐ, எஸ், ஐ, எஸ் என்ற எட்டு எழுத்தையும் இதே வரிசையில் தட்டச்சு செய்யவும். பொதுமக்களுக்கான எழுத்துகளில் 'கன்சம்ப்ஷன்'. கழுத்துக் கழலையாக வந்தால் 'ஸ்க்ரோஃபுலா', இன்னும் பழைய நூல்களில் 'கிங்ஸ் ஈவில்'. குழந்தைகளுக்கு வயிற்றில் வந்தது 'டேபிஸ் மெசன்டெரிகா' என்று தனி வரியில் ஒளிந்திருக்கும். இவற்றைக் கூட்டாமல் 'தைசிஸ்' வரியை மட்டும் எடுத்து 'மொத்தக் காசநோய்' என்று எழுதினால், முதல் எண்ணே பிழை.

பெயர் மாறுவதோடு எல்லைகளும் மாறும். 17-ஆம் நூற்றாண்டு லண்டன் இறப்புப் பட்டியல்களில் 'கன்சம்ப்ஷன்' என்பது உடல் உருகிச் செத்தவர்கள் எல்லோரையும் வாரிக்கொண்ட சொல். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் 1882-இல் காசநோய்க் கிருமியை அறிவிக்கும்வரை அதைக் கிருமியால் வரையறுக்க வழியே இல்லை. டைஃபஸ், டைஃபாய்டு இரண்டையும் இங்கிலாந்தின் இறப்புப் புள்ளிவிவரம் பிரித்துக் காட்டியது 1869 முதல்தான். அதற்கு முந்திய எண்ணை 'டைஃபாய்டு' என்று எடுத்தெழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்!

செய்ய வேண்டியது: ஒரே ஒரு அறிக்கையைத் திறந்து, அதன் இறப்பு அட்டவணையின் இடது நிரலில் உள்ள நோய்ப் பெயர்களை அப்படியே நகலெடுக்கவும். இனி உங்கள் தேடல் சொற்கள் அவைதான்.

படி 3: ஓசிஆர் வைக்கும் பொறி

தேடுபொறி பார்ப்பது பக்கத்தின் படத்தை அல்ல; கணினி அந்தப் படத்திலிருந்து வாசித்தெடுத்த எழுத்தை. இப்படி வாசித்தெடுப்பதுதான் ஓசிஆர். சுமார் 1800-க்கு முந்திய ஆங்கில நூல்களில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து நீளமாக, எஃப் போலவே அச்சிடப்பட்டிருக்கும். கணினி அதை எஃப் என்றே வாசிக்கும். ஆக 'கன்சம்ப்ஷன்' அங்கே 'கன்ஃபம்ப்ஷன்'. எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டு இரண்டாம் முறை தேடிப் பாருங்கள். அதுவரை வராத பக்கங்கள் வரும்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் இன்னொரு வழுக்கல். அங்கே தேடல் இயல்பாகத் தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களில் மட்டுமே நடக்கும். நூலின் உள்ளே தேட, தேடல் பெட்டியின் கீழுள்ள தெரிவை 'வாசகத்தில் தேடு' என்ற பொருளுள்ளதற்கு மாற்ற வேண்டும்.

அட்டவணைகளில் ஓசிஆர் எண்களை நம்பவே வேண்டாம். 3, 8 ஆகும். 1, 7 ஆகும். நிரல்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியும். படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கையால் எக்செலில் இடுவதே உத்தமம். வரிசைக் கூட்டலும் நிரல் கூட்டலும் அச்சிட்ட மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் உங்கள் தட்டச்சைச் சந்தேகியுங்கள், பிறகு அச்சுக்கோத்தவரை.

படி 4: எண்ணை நம்புவதற்கு முன்

இறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு இத்தனை என்றிருக்கும். அந்த 'ஆயிரம் பேர்' எங்கிருந்து வந்தது? கணக்கெடுப்பு நடந்தது 1901-லும் 1911-லும். இடைப்பட்ட ஆண்டுகளின் மக்கள்தொகை மதிப்பீடுதான். ஒரு கணக்குக்குச் சொன்னால், 240 இறப்புகளை 1,30,000 என்ற மதிப்பீட்டால் வகுத்தால் விகிதம் 1.85. கணக்கெடுப்பு வந்து, இருந்தவர்கள் 1,20,000 தான் என்று தெரிந்தால் அது 2.00. நோய் கூடவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது. அதனால் விகிதத்தை மட்டும் எடுக்காமல் இறப்பு எண்ணிக்கையையும் மக்கள்தொகையையும் தனித்தனி நிரலில் குறித்துவைக்கவும்.

அடுத்தது, யார் எந்த வட்டாரத்துக்குச் சொந்தம்? வட்டாரத்துக்குள் பெரிய மருத்துவமனை இருந்தால் வெளியூர்க்காரர்களின் இறப்பும் அங்கே பதிவாகும். இவர்களைக் கழித்து, வெளியே இறந்த உள்ளூர்க்காரர்களைச் சேர்த்த 'திருத்திய' எண் அருகிலேயே இருக்கும். எல்லா ஆண்டுகளுக்கும் அதையே எடுங்கள். பாதியில் மாற்றினால் வரைபடத்தில் இல்லாத மேடு முளைக்கும்.

நோயாளிகள் எண்ணிக்கை வேறு, இறப்பு எண்ணிக்கை வேறு. இங்கிலாந்தில் நுரையீரல் காசநோயாளிகளைப் பற்றிச் சுகாதார அதிகாரிக்கு அறிவிப்பது 1909 முதல் படிப்படியாகக் கட்டாயமாகி, 1912-இல் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தியது. அந்த ஆண்டில் எண்ணிக்கை எகிறுவது கொள்ளைநோய் அல்ல, சட்டம்.

படி 5: குறிப்பெடுத்தல்

மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஜோட்டெரோ என்ற மென்பொருள் போதும், இலவசம். ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்றைக் குறிக்கவும்: நிலையான இணைப்பு, அச்சிட்ட பக்க எண், ஸ்கேனின் பட எண். முன்னுரையும் மடிப்புத் தாள்களும் இருப்பதால் கடைசி இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். 1908-ஆம் ஆண்டுக்கான அறிக்கை 1909-இல் அச்சாகியிருக்கும், நூற்பட்டியலில் இரண்டில் எது ஆண்டாகப் பதிவாகும் என்பது சொல்ல முடியாது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது அறிக்கை எந்த ஆண்டைப் பற்றியதோ அந்த ஆண்டையே இடவும்.

பின்சேர்க்கை

அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள். ஒன்று, ஹாத்திடிரஸ்ட் என்ற இணைய நூலகத்தில் நூல் திறக்கவில்லை என்பது. நீங்கள் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். திறக்காத நூலிலும் சொல்லைத் தேடினால் எந்தப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று காட்டும். அந்தப் பக்க எண்ணோடு வேறொரு நூலகத்தின் பிரதியைத் தேடுங்கள்.

இரண்டாவது, 1900-க்கு முன் வட்டாரத்தின் பெயரே கிடைக்கவில்லை என்பது. அந்த ஆண்டில்தான் லண்டனின் பழைய வெஸ்ட்ரிகள் (திருச்சபைப் பங்கு வாரியான உள்ளாட்சி அமைப்புகள்) போய் புதிய பரோக்கள் (நகர வட்டாரங்கள்) வந்தன; 1965-இல் அவையும் இணைக்கப்பட்டன. நீங்கள் எடுத்த வட்டாரம் அதற்கு முன் எந்தெந்த வெஸ்ட்ரியாக இருந்தது என்று பார்த்து, அந்தப் பெயர்களில் தேடவும்.