சாமியார் மாறுவார், சாவிக்கொத்து மாறாது: பங்கு வேலையில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தைப் பங்கு என்போம். அதை நடத்தும் பங்குச்சாமியார் ஐந்தாறு வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். கோயில் சாவிக்கொத்தை வைத்திருப்பவர் மாறுவதில்லை. மைக் செட்டில் எந்த ஒயரை ஆட்டினால் சத்தம் வரும், கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குழி யார் வீட்டுடையது, ஐந்தாம் நாள் திருவிழாவை எந்தத் தெரு சிறப்பிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். புதிதாக வருகிற சாமியாரும் முதல் ஆறு மாதம் அவரைக் கேட்டுத்தான் நடப்பார்.

இது புது ஏற்பாடு அல்ல. 1542-இல் முத்துக்குளித்துறை என்கிற நம் தென்கடற்கரைக்கு வந்த மறைபரப்பாளர் புனித பிரான்சிஸ் சவேரியார், ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். ஜெபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினரின், அதாவது சாமியார் அல்லாத சாதாரண விசுவாசிகளின் பணி பற்றித் தனி ஏடு வெளியிட்டது 1965-இல். அதற்கு நானூறு வருஷம் முன்பே நம் கடற்கரையில் அந்தப் பணி நடந்துகொண்டிருந்தது.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சாமியார் செய்யும் தவறு பெரும்பாலும் அவர் மாற்றலோடு போய்விடும். கோயில் வேலை பார்க்கும் பொதுநிலையினரான நாம் செய்யும் தவறு போகாது. பத்து வருஷம் தாண்டினால் ‘இங்க இதுதான் முறை’ என்று அதற்குப் பெயர் வந்துவிடும். பங்குக் காரியங்களைப் பேசும் மக்கள் பிரதிநிதிகள் குழுவான பங்குப் பேரவையில் பதினோரு வருஷம் இருந்தேன், அதில் நான்கு வருஷம் பொருளாளர். கீழே எழுதுவதில் பாதி நானே செய்தது.

வரிப் பாக்கி நோட்டு

தலைக்கட்டு வரி என்பது தென்மாவட்டப் பங்குகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வருஷத்துக்கு இவ்வளவு, திருவிழாவுக்கு இவ்வளவு. இதில் தவறு ஏதுமில்லை. ஊர் சேர்ந்துதான் கோயிலைக் காப்பாற்ற வேண்டும். பாக்கியை எங்கே வைத்து வசூலிக்கிறோம் என்பதில்தான் கோளாறு. கல்யாண ஓலை (கல்யாணத்துக்கு முன் கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு) வாசிக்கப் பெயர் கொடுக்க வந்தால் முதலில் நோட்டைப் புரட்டுவோம். சாவு மணி அடிக்கச் சொல்லி வந்தாலும் நோட்டு.

ஒருமுறை எங்கள் பங்கில் ஒரு பாட்டி இறந்துபோனார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஊர்ப்பக்கம் வருவதே அபூர்வம். ஒன்பது வருஷப் பாக்கி. நோட்டை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுத் திண்ணைக்கே போனேன். “மணி அடிக்கிறதுக்கு முன்னால கணக்க முடிச்சிருங்க தம்பி, நாளைக்குப் பேச்சு வரக் கூடாது” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போனார், பக்கத்து வீட்டு அண்ணனிடம் வாங்கிக்கொண்டு வந்து எண்ணிக் கொடுத்தார். ரசீதும் போட்டுக் கொடுத்தேன். ரசீது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

திருச்சபைச் சட்டத்தை நான் படித்தது அதற்கு அப்புறம். அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து நடக்கக் கூடாது, ஏழைகளுக்குத் தகுந்த அடக்கம் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது சட்டம் 1181. பணமில்லாத காரணத்தால் யாருக்கும் ஞானஸ்நானம், கல்யாணம் போன்ற திருவருட்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்கிறது 848. ‘வரி ஊர்க்கமிட்டி விஷயம், கோயில் விஷயமில்லை’ என்று ஒரு வாதம் உண்டு. நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் ஊர் விஷயத்துக்குக் கோயில் மணியின் கயிற்றை எதற்குப் பிடித்துக்கொள்கிறோம்?

பாக்கியைத் திருவிழா மாதத்தில் கேட்கலாம், தவணையில் வாங்கலாம், வழியில்லாதவருக்குச் சாமியாரிடம் சொல்லித் தள்ளுபடி செய்யலாம். பாக்கிக்காரர் பட்டியலைக் கோயில் வாசலில் ஒட்டுவதும் திருப்பலி முடிவில் மைக்கில் வாசிப்பதும் கூடாது. கல்யாணம், சாவு, ஞானஸ்நானம் நடக்கிற அன்று அந்த நோட்டு வெளியே வரவே கூடாது.

ஜிபே நம்பரும் லண்டன் மாமாவும்

பணத்தைத் திருடுகிறவர்கள் குறைவு. ஆனால் திருடவில்லை என்று நிரூபிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

இப்போதைய பெரிய தவறு இதுதான்: திருவிழா நோட்டீஸில் செயலாளரின் சொந்த ஜிபே நம்பரைப் போடுவது. அவசரத்துக்கு என்று ஆரம்பிக்கும். மூன்றாம் திருவிழாவுக்குள் அவர் சம்பளமும், மனைவியின் நகைச்சீட்டும், மாதாவுக்கு வந்த காணிக்கையும் ஒரே கணக்கில் கலந்துவிடும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பிரித்துக் காட்ட முடியாது. பங்கின் வங்கிக் கணக்குக்குத்தான் கியூஆர் அட்டை வாங்க வேண்டும். அதற்குப் பத்து நாள் அலைச்சல் ஆகும் என்றால் பத்து நாள் முன்னாலேயே அலைய வேண்டும்.

உண்டியலை அன்றைக்கே, உறவுக்காரர் அல்லாத இரண்டு பேராவது உட்கார்ந்து எண்ண வேண்டும். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். ரசீதுப் புத்தகத்துக்கு வரிசை எண் வேண்டும், எந்தப் புத்தகம் யாரிடம் போனது என்று ஒரு பதிவும் வேண்டும். எங்களிடம் ஒரு வருஷம் ஒரு ரசீதுப் புத்தகமே காணாமல் போனது. அடுத்த வருஷம் கொடி மரத்துக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில், ஜிகினாத் தாளுக்கு அடியில் கிடைத்தது. இடைப்பட்ட பன்னிரண்டு மாதத்தில் மூன்று குடும்பம் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது.

எதற்கென்று கொடுத்தார்களோ அதற்குத்தான் செலவழிக்க வேண்டும், இது சட்டம் 1267. மாதா கெபிக்கு (குகை வடிவச் சிற்றாலயத்துக்கு) வந்த பணத்தைச் சுற்றுச்சுவருக்குத் திருப்புவது ஊரில் சாதாரணம். சுவரும் கோயிலுக்குத்தானே என்பார்கள். கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுத் திருப்பினால் பிரச்சினை இல்லை, கேட்பதற்குத்தான் யாருக்கும் வாய் வராது. கொடுத்த மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் சட்டம் 1287 சொல்கிறது. ‘வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி பூஜ்யம்’ என்று மூன்று வரி வாசிப்பது கணக்கு ஆகாது. பந்தலுக்கு எவ்வளவு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு, ஊர் விருந்தான அசனத்துக்கு அரிசி எத்தனை மூட்டை என்று பிரித்து ஒட்டுங்கள். முதல் வருஷம் நூறு கேள்வி வரும். மூன்றாம் வருஷம் யாரும் நின்று படிக்கக்கூட மாட்டார்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். துபாயில் வேலை பார்க்கிற இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. லண்டனில் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அவர் பிறந்தது இதே தெருவாக இருந்தாலும். அதை வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு பெற்ற அமைப்புக்கும் அந்தப் பணம் ஸ்டேட் பாங்கின் புதுதில்லி பிரதான கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். தேர் செய்ய மாமா அனுப்பிய பணத்தைப் பங்கின் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டியது மாமா அல்ல. இப்படி எது வந்தாலும் முதலில் மறைமாவட்டப் பொருளாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

பேரவை சட்டசபை இல்லை

பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவுடன் நமக்கு ஒரு எம்எல்ஏ நினைப்பு வந்துவிடுகிறது. ஓட்டுப் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, ‘சாமியார் இதுக்குக் கட்டுப்பட்டவர்’ என்று நிற்போம். சட்டம் 536-இன்படி பங்கு மேய்ப்புப் பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்பு மட்டுமே. தலைவர் பங்குத்தந்தை. சட்டப்படியான எல்லாக் காரியங்களிலும் பங்கின் சார்பில் நிற்பவரும் அவர்தான். நிதிக்குழு வேறு. அது ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 537. பல பங்குகளில் இரண்டையும் ஒன்றாக்கி, பொருளாளரை மட்டும் வைத்து நிதிக்குழு என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, என் கணக்கில் அதுதான் அதிகம். ‘ஃபாதர் சொன்னா சரி’ என்று தலையாட்டிவிட்டு, கூட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் நின்று ஒரு மணி நேரம் திட்டுவது. ஆலோசனை மட்டும்தான் என்றால் ஆலோசனையையாவது சொல்ல வேண்டாமா? பங்கின் நலனுக்கான கருத்தை மேய்ப்பர்களிடம் எடுத்துச் சொல்ல உரிமை மட்டுமல்ல, சில நேரம் கடமையும் உண்டு என்கிறது சட்டம் 212. கூட்டத்தில் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். எழுதாத ஆலோசனை வேப்பமரத்தோடு போச்சு.

மொட்டைக் கடுதாசியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆயருக்குப் பெயர் போடாமல் எழுதுவது நம்மூரில் ஒரு கலை. சொல்லுகிற விஷயம் உண்மையாக இருந்தாலும், யாரை விசாரிப்பது என்று தெரியாமல் அது கோப்பில் தூங்கும். அதற்குள் ஊரில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்திருப்பார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில்

இதில் நெளிவுசுளிவு கிடையாது. மறைக்கல்வி வகுப்பு, பீடச்சிறுவர் பயிற்சி, வேளாங்கண்ணிச் சுற்றுலா எதுவானாலும் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக, மூடிய அறையில் இருக்கக் கூடாது. அது சாமியாராக இருந்தாலும், உபதேசியாராக இருந்தாலும், நானாக இருந்தாலும்.

ஏதாவது நடந்தது, நடக்கப்போகிறது என்று தெரிந்தால் ‘ஃபாதர்கிட்ட சொல்லியாச்சு’ என்று கை கழுவுவதுதான் நாம் செய்கிற பெரிய குற்றம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பங்குக்கு விலக்கு இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098. பேரவை கூடி, இரு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசி முடித்தோம் என்றால், அந்தப் பிள்ளை மறுபடியும் அதே கோயிலுக்கு அதே ஆளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

‘முறை’ என்ற சொல்

தேர் முதலில் எந்தத் தெருவில் நுழையும், சப்பரத்தை யார் தூக்குவது, கல்லறையில் யாருக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் ‘முறை’ என்பார்கள். கொஞ்சம் கிளறினால் சாதி வரும். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கோயிலைத் தெரியாதவர்கள் குறைவு. சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து உட்கார்வதற்கென்றே கால்சட்டை போல இரண்டு கால்களாகக் கட்டிய கோயில். நடுவில் இருந்த தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டபோது, முறை போச்சு என்று வழக்கு மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போனது. சுவர் திரும்ப எழும்பவில்லை.

புதுச் சாமியார் வந்து ஒரு முறையை மாற்றுகிறார் என்றால் பேரவைக்காரர் முதலில் கேட்க வேண்டியது, அந்த முறை யாரை வெளியே நிறுத்தியது என்பதை. நாங்கள் ஊர் அமைதி கெடும் என்று அதைக் கேட்காமலேயே இரண்டு சாமியார்களை அனுப்பிவைத்தோம்.

சின்னச் சின்னதாய்

நற்கருணையை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை) நோயாளிக்குக் கொண்டுபோகிற பணியாளர் வழியில் டீக்கடையில் நிற்கக் கூடாது. நேரே போக வேண்டும். வாசகர்கள் பாடத்தை முந்தின நாளே சத்தமாக வாசித்துப் பார்க்க வேண்டும். எசாயாவின் நீண்ட வாக்கியத்தில் மூச்சு வாங்கித் தவிப்பதைக் கேட்க மக்களுக்குத்தான் கஷ்டம். பெண்கள் என்றால் பெருக்குவதும் அசனத்துக்கு வெங்காயம் உரிப்பதும், ஆண்கள் என்றால் பணம் எண்ணுவதும் என்ற பிரிவினையையும் பாருங்கள். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டம் 230-ஐத் திருத்தி, வாசகர், பீடத்தில் உதவும் பீடத்துணையாளர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படித் திறந்துவிட்டார். எங்கள் உண்டியல் மேஜையில் முதல் பெண் உட்கார்ந்தது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. எண்ணுவதில் எங்களைவிட வேகம், மகளிர் சுய உதவிக் குழுவில் பழகிய கை.

அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக் குழுக் கூட்டத்துக்கு வீடு வீடாகப் போகிறவர்கள், அந்த வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டுத் திண்ணையில் இறக்கிவைக்கக் கூடாது. மூன்று வீடு தாண்டினால் அந்தக் குடும்பம் அன்பியத்துக்குக் கதவு திறக்காது.

ஒப்படைப்பு

பொறுப்பை விட்டு இறங்கும்போது நாம் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. ‘எல்லாம் வாயில சொல்லிட்டேன்’ என்போம். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, வைப்புத்தொகைச் சீட்டு எங்கே, வங்கியில் யார் கையெழுத்து, பட்டா நகல், மின் இணைப்பு யார் பெயரில் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும்.

நான் பொருளாளராக இருந்து இறங்கிய வருஷம், கல்லறைத் தோட்டத்து மின் இணைப்பு முப்பது வருஷத்துக்கு முன் இறந்துபோன ஒரு பழைய செயலாளரின் பெயரிலேயே இருப்பது தெரியவந்தது. அந்தக் காலத்தில் அவசரத்துக்கு அவர் பெயரில் வாங்கியிருக்கிறார்கள். பெயர் மாற்ற வாரிசின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அந்தச் செயலாளர், நான் நோட்டோடு போன வீட்டுப் பாட்டியின் கணவர். ஒரே மகன், திருப்பூர்க்காரர்.

போன் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சாமியார் அறையில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். பழைய கதை எதையும் எடுக்கவில்லை. டீ வந்துகொண்டிருக்கிறது என்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துகொண்டார்.