பார்க்கின்சன்: நிலைவாசலில் கால் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடுகளில் நடையும் குறுகல், நிலைவாசலும் குறுகல். பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ள பலருக்கு அந்த இடத்தில்தான் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிடிவாதம் என்று தயவுசெய்து திட்டாதீர்கள். டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால், யோசிக்காமலே நடக்கிற பழக்கம் மூளையில் தடைபடுகிறது. கண்ணுக்கு ஒரு கோடோ காதுக்கு ஒரு தாளமோ கிடைத்தால், கவனம் வைத்து அடி எடுக்க முடியும்.

முதலில் கோடு. தரை நிறத்திலிருந்து பளிச்சென்று மாறுபடும் 2 அங்குல டேப் வாங்குங்கள். வாசலுக்கு இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3, நடக்கும் திசைக்குக் குறுக்கே ஒட்டுங்கள். அவர் நன்றாக நடக்கும் நேரத்தில் வைக்கும் அடியை அளந்து இடைவெளி விடுங்கள். பலருக்கு 40 முதல் 50 செ.மீ. சரியாக வரும். ஒவ்வொரு கோட்டையும் தாண்ட வேண்டும். ஓரம் பிய்ந்த டேப் காலைத் தடுக்கும், உடனே மாற்றுங்கள். கால்மிதி வேண்டவே வேண்டாம்.

கால் ஒட்டிக்கொண்டால்:

1. நடக்க முயல்வதை நிறுத்தி, நிமிர்ந்து ஒரு மூச்சு விடுங்கள்.
2. உடல் எடையை இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றி அசையுங்கள்.
3. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, ஒரு பெரிய அடி. குதிகால் முதலில் தரையைத் தொடட்டும்.

கூட இருப்பவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுந்துவிடுவார். பக்கத்தில் நின்று, உங்கள் பாதத்தை அவர் கால் முன்னால் குறுக்கே வைத்து, "அப்பா, என் காலைத் தாண்டி வா" என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் வேறு பேச்சு வேண்டாம்.

திரும்பும்போதுதான் அதிகம் விழுகிறார்கள். ஒரே காலில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்ப வேண்டும். சமையலறையில் இடமில்லை என்றால், பாதங்களைத் தூக்கித் தூக்கி வைத்து, கடிகாரத்தில் 12, 3, 6 என்று போவதுபோல் திரும்பலாம். இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு இதைச் செய்யவே கூடாது.

பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வழுக்கும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எழும்போது விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முட்டிக்குப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலைத் தாண்டும்வரை குனிந்து எழ வேண்டும். தலைசுற்றல் வரலாம், சற்று நின்று நடக்கட்டும்.

டோபமின் குறைவை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். மீன், முட்டை, பருப்போடு சேர்ந்தால் சிலருக்கு அது சரியாக உடலில் சேராது. பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு என்பார்கள், குமட்டினால் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்துவது ஆபத்து. மாத்திரை போட்ட நேரத்தையும் கால் ஒட்டிக்கொண்ட நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். வேளையையும் அளவையும் மாற்ற அவருக்கு அது உதவும்.